பாதி வெள்ளைப் பலகை

ஆறு முத்து என்று சொன்னான். ஆறு முத்து வரைந்தேன். தப்பு என்றான்.

“ஆறுன்னுதானே துரை சொன்னீங்க?”

“ஆறுதான். ஆனா படத்திலே நாலுதான் தெரியணும். ரெண்டு பின்னாடி இருக்கு.”

“பின்னாடி இருக்கிறது பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சவனுக்குத் தெரியும்,” என்றான்.

அது ஒரு கிரீடம். அவனுடைய பழைய மோட்டார் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வரையச் சொல்லியிருந்தான். ஆறையும் சுரண்டி எடுத்துவிட்டு நாலாகப் போட்டேன். ஆறு முத்து என்றால் இங்கிலீஷ் பிரபுக்களில் கடைசிப் படியாம். பதினாறு முத்துக்காரன் அவனுக்கு மேல். எட்டு முத்துக்காரன் பதினாறு முத்துக்காரனுக்கும் மேல். இது என்ன கணக்கு என்று கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை.

ரங்கூனில் கியாக்டடா பக்கம், சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் எனக்குக் கடை. போர்டு எழுதுவது தொழில். நாலு பாஷையின் எழுத்தும் எழுதுவேன். தமிழைத் தவிர மற்றதை வாசிக்கத் தெரியாது. மாதிரி கொடுத்தால் அப்படியே போட்டுத் தருவேன். அவன் உயிரோடிருந்தபோது நானும் மற்றவர்களைப் போலக் கைகட்டி நின்று “துரை, துரை” என்றுதான் பேசினேன். இப்போது அவன் இல்லை, நானும் கிழவன். அவன் என்றே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் மூடி வைத்துவிடலாம்.

அவன் பிரபுவாக ரங்கூனுக்கு வந்தவன் அல்ல. ஒரு மரக் கம்பெனியில் வேலை. ஆற்றில் மிதந்து வரும் தேக்குக் கட்டைகளுக்கு முத்திரை அடிப்பதை வெயிலில் நின்று மேற்பார்த்துக் கழுத்தெல்லாம் சிவந்துபோனவன். அவன் வீட்டில் பதினாறு வருஷமாக ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்த தமிழர், அம்மா மாவ்பியிலிருந்து வந்த பர்மாக்காரி. அவளுக்கு அவனிடம் பிறந்தது ஒரே பெண், அப்போது பதினான்கு வயது. பெண்ணைப் பெற்றவளிடமிருந்துதான் அவன் தமிழ் கற்றுக்கொண்டான். அவளும் என் மனைவியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். கோயிலிலோ மாதா கோயிலிலோ கல்யாணம் பதிகிற சர்க்கார் கச்சேரியிலோ அவன் அவளைக் கல்யாணம் செய்யவில்லை. கம்பெனியில் இருக்கும்வரை இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினால் வேலை போய்விடும், வேலையை விடும் அன்றைக்குச் செய்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தான். அவளும் நம்பியிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தத் தந்தி வந்தது. ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. சீமையில் யாரோ ஒரு பையன் செத்துவிட்டான், ஆகவே நீ பிரபு என்று தந்தி சொன்னது. காலையில் கட்டைக்கு முத்திரை அடித்தவன் மத்தியானம் லார்டு.

எனக்கு இது புதுமையாக இருந்தது. ராஜா மகுடம் வைத்தால் பட்டம் வரும், சரி. தபால்காரன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தால் எப்படி வரும்? கிரீடம் காயும்வரை அவன் கடையில் உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டேன்.

அவனுக்குச் சொல்வதில் ஆசை. சாக்குக்கட்டியை எடுத்து, நான் கறுப்பு அடித்து வைத்திருந்த பலகையில் கோடு போட்டான். உச்சியில் ஒரு ஆள். கடல் சண்டையில் எதிரியின் கப்பல்களைப் பிடித்தவன். அவனுக்கு ராஜா பட்டம் கொடுத்தார். கொடுத்த காகிதத்தில், உனக்கும் உன் உடம்பிலிருந்து வரும் ஆண் வாரிசுகளுக்கும் என்று எழுதினார். அவனுக்கு ஒரு மகன், மகனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பக்கம் மூன்று கிளை பிரிந்தது, இளையவன் பக்கம் ஒரே கிளை.

“மூத்தவன் பக்கம்தான் பட்டம் போச்சு. நாங்க இளைய பக்கம், சும்மா,” என்றான். சாக்குக்கட்டியால் மூத்தவன் பக்கத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக அடித்தான். “இவன் குதிரையிலேருந்து விழுந்தான். இவன் பிரான்சிலே, சண்டையிலே. இவனும் பிரான்சிலே. இது இவன் பையன். பன்னிரண்டு வயசு. மார்ச்சளி.”

கடைசியில் அடிக்காமல் மீதி நின்றது ஒரே ஒரு கோடு. அதன் நுனியில் அவன்.

“துரைக்கு அப்புறம்?” என்றேன்.

“யாருமில்லே.”

“பொண்ணு இருக்கே?”

“பொண்ணுக்குப் போகாது. அதுவும்...” என்று நிறுத்திக்கொண்டான். அதுவும் கல்யாணத்தில் பிறக்காத பெண். அதை அவன் சொல்லவில்லை, எனக்கும் விளங்காமல் இல்லை.

“எங்க ஊர்ப்பக்கம் ஜமீன்தாருக்குப் பிள்ளை இல்லேன்னா பங்காளி வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுப்பாங்க. ஒரு ஓமம் வளர்த்தா முடிஞ்சுது.”

“எங்ககிட்ட அது கிடையாது.”

“சகோதரி மகன்?”

“கிடையாது.”

“பர்மாக்காரங்க கிட்ட மூத்தது பொண்ணா இருந்தாலும் பங்கு உண்டுங்க.”

“தெரியும். அவ சொல்லியிருக்கா.” அவள் என்றது வீட்டில் இருப்பவளை.

“அப்ப அந்தப் பட்டத்தை ராஜா திருப்பி எடுத்துக்குவாரா?”

“இல்லே. நின்னுபோகும்.”

“நின்னுபோகும்னா? பொருள் இருக்கு, ஆள் இருக்கு, கிரீடம் இந்தா கதவிலே இருக்கு. எது நின்னுபோகும்?”

அவன் சிரித்தான். “உனக்கு இதிலே என்ன இவ்வளவு அக்கறை?”

அக்கறைதான். நான் போர்டு எழுதுகிறவன். அப்பன் போனால் பிள்ளை பெயரை எழுது, கடை கை மாறினால் புதுப்பெயரை எழுது என்று வருவார்கள். பழைய பெயரை அழித்துவிட்டு வெறும் பலகையாக விட்டுவிடு என்று ஒருவனும் வந்ததில்லை.

அந்தப் பட்டம் தனக்குத்தான் என்று சீமையில் நிரூபிக்க அவன் பட்ட பாட்டை அவள் என் மனைவியிடம் சொன்னாள். அப்பா அம்மா கல்யாணக் காகிதம், தாத்தா பாட்டி கல்யாணக் காகிதம், அதற்கு முந்தியவர்களின் காகிதம் என்று மாதக்கணக்கில் எழுதி எழுதி வரவழைத்தான். செத்துப்போனவர்களின் கல்யாணத்துக்கெல்லாம் காகிதம் தேடினான். உயிரோடு இருக்கிறவளின் கல்யாணத்துக்கு ஒரு காகிதம் எழுத அவனுக்குக் கை வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு கல்யாணம் செய்திருந்தால் அவன் வேலை மட்டும்தான் போயிருக்கும். இப்போது செய்தால் அவள் லேடி ஆகிவிடுவாள். விருந்தில் கம்பெனிப் பெரிய துரையின் சம்சாரத்துக்கு முன்னால் அவள் உள்ளே நடந்து போக வேண்டும், அவர்கள் முறை அப்படி. முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, பர்மாக்காரிகளின் தமீன் லுங்கி கட்டிக்கொண்டு, மூட்டை தூக்கினவர் மகள். கிளப்பே சிரிக்கும் என்று அவன் பயந்தான். மூதாதை பீரங்கிக்கு முன்னால் கப்பல் ஓட்டினானாம். இவன் சிரிப்புக்குப் பயந்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் மறுபடி கடைக்கு வந்தான். மோட்டாரிலிருந்து இறங்குவதற்கே ஒரு கை தேவைப்பட்டது. கண் மஞ்சள், வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கல்லீரல் என்றான். கையில் ஒரு பழைய புத்தகம்.

“ஒரு பலகை வேணும். தேக்கிலே. சதுரம், ஆனா மூலை மேலே நிக்கணும்.”

புத்தகத்தில் படம் காட்டினான். அவர்கள் வம்சத்தில் ஒருவன் செத்தால் இப்படி ஒரு பலகை எழுதி வாசலுக்கு மேல் ஒரு வருஷம் தொங்கவிடுவார்களாம். நடுவில் வம்சச் சின்னம் போட்ட கேடயம், கேடயத்துக்கு மேல் கிரீடம், சுற்றிலும் வெறும் நிறம். இப்போது யாரும் செய்வதில்லை, ஆனாலும் கடைசி ஆளுக்குச் செய்துவிட வேண்டும் என்றான். தன் சாவுப் பலகைக்குத் தானே அளவு கொடுத்தான்.

“உச்சியிலே என்ன?”

“மண்டையோடு. வம்சம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

“சரி. சுத்தி?”

அங்கேதான் அவன் தயங்கினான். புத்தகத்தில் மூன்று படங்கள் இருந்தன. சுற்றியுள்ள நிறத்துக்குச் சட்டம் உண்டு. நாம் பார்க்கும்போது இடது பாதி புருஷன், வலது பாதி பெண்சாதி. செத்தவர் பக்கம் கறுப்பு, இருப்பவர் பக்கம் வெள்ளை. புருஷன் செத்துப் பெண்சாதி இருந்தால் இடது கறுப்பு, வலது வெள்ளை. பெண்சாதியே இல்லாதவன் என்றால் முழுக்கக் கறுப்பு.

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. படிக்கத் தெரியாதவனுக்கும் தெருவில் நின்றபடியே விளங்கும். இந்த வீட்டில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்று ஒரு எழுத்தும் இல்லாமல் சொல்லும்.

“துரைக்கு எது?” என்றேன்.

“அதைக் கடைசியா பூசலாம்.”

“அதில்லே துரை. கறுப்பா, பாதியா?”

“இன்னும் முடிவு பண்ணலே. விட்டு வை.”

விட்டு வைத்தேன். கேடயத்தை எழுதினேன். நாலு முத்துக் கிரீடம் எழுதினேன், இந்தத் தடவை தப்பில்லாமல். மண்டையோட்டுக்குப் பல் எண்ணி வைத்தேன். சுற்றிலும் தேக்கு வெறுமனே இருந்தது. கடைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அவன் பலகை கொடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு அவள் வந்தாள். மண்டையோட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். சுற்றி ஏன் காலி என்றாள். நான் மறைக்கிற ஆள் இல்லை. சட்டத்தைச் சொன்னேன்.

அவள் வெகுநேரம் வலது பாதியையே பார்த்தாள்.

“அப்ப இது என் இடம்,” என்றாள்.

“அவரு சொன்னா உன் இடம்.”

“பட்டம் யாருக்கு வேணும் அண்ணே? அந்த முத்தும் வேணாம், அந்த வீடும் வேணாம். வேலைக்காரின்னு சொல்லி வெளியே தள்ளுவாங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்காது. பதினெட்டு வருஷம் கட்டில்லே கூடப் படுத்தவ, வாந்தி அள்ளினவ. சம்சாரம்னு ஒரே ஒரு இடத்திலே இருந்தாப் போதும்.”

என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அவன்கிட்ட கேளுடி.”

“கேட்டேன். மழை விட்டதும் கச்சேரிக்குப் போலாங்கிறாரு.”

“போன மழைக்கும் இதானே சொன்னான்?”

“போன மழையிலே சரக்கு ஏத்தணும்னாரு. இந்த மழைக்குக் காய்ச்சல்ங்கிறாரு.”

அதற்குப் பிறகு சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். வெறும் தேக்கைப் பார்ப்பாள், போவாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் அவன் வீட்டுக்கே போனேன். நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் விசிறிக்கொண்டிருந்தாள்.

“துரை, அந்தச் சுத்து நிறம்,” என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அடுத்த வாரம் சொல்றேன்.”

“துரையோட பட்டம் எப்படியும் நின்னுபோகுது. அதைக் காப்பாத்த முடியாது. இதைச் செய்யலாம். துரைக்கு ஒரு கையெழுத்துத்தானே?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை. தூங்குகிறவனுக்கு இமை துடிக்காது. அவள் எனக்குப் போ என்று சைகை காட்டினாள்.

பங்குனி வெயிலில் அவன் செத்தான். கச்சேரிக்குப் போகவில்லை, நிறமும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு அவள் போனாளாம், பின்வரிசையில் சமையல்காரனோடு நிற்க வைத்தார்களாம். மறுநாள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அது கம்பெனி வீடு. அவளும் மகளும் தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தான். செத்தவர் பலகை கொடுத்திருக்கிறாராம், வீட்டு வாசலில் ஒரு வருஷம் மாட்ட வேண்டும் என்று உயிலிலும் எழுதியிருக்கிறாராம், அவர் சொன்னபடி முடித்துவிடு என்றான். அவர் எதுவும் சொல்லவில்லையே. ஆகவே நான் யோசித்தேன். வெகுநேரம் ஒன்றும் யோசிக்கவில்லை. இடது பாதிக்குக் கறுப்பு அடித்தேன். வலது பாதிக்குச் சபேதா வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து மூன்று தடவை அடித்தேன். பால் மாதிரி வந்தது.

மாட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகக் கம்பெனிப் பெரிய துரையே வந்துவிட்டான். அவர்களிலும் இந்தச் சட்டம் தெரிந்தவன் இருந்திருக்கிறான். வாசலில் நின்றபடியே குமாஸ்தாவை மொழிபெயர்க்கச் சொன்னான்.

“இந்தப் பாதி ஏன் வெள்ளைன்னு கேக்கிறாரு.”

“பெண்சாதி இருக்கிறதாலே.”

“அவருக்குப் பெண்சாதி கிடையாதாம்.”

“அப்ப அந்த வீட்டிலே பதினெட்டு வருஷமா இருந்தது யாருன்னு கேளு.”

குமாஸ்தா அதை மொழிபெயர்க்க யோசித்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மொழிபெயர்த்தான். பெரிய துரை என்னைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவிடம் ஒரே வார்த்தை சொன்னான்.

“வேலைக்காரியாம்,” என்றான் குமாஸ்தா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் சொன்ன வார்த்தையே. தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன், வைத்திராவிட்டால் என்ன செய்திருப்பேனோ. அந்தக் கோபத்திலும் ஒரு சந்தேகம் மட்டும் விடவில்லை.

“அந்தப் பட்டம் இப்ப எங்கே இருக்குன்னு கேளு.”

“எதுக்குங்க?”

“கேளு.”

கேட்டான். பெரிய துரை முதல்முறையாக என் பக்கம் திரும்பினான். தமாஷ் என்று நினைத்திருப்பான்.

“எங்கேயும் இல்லையாம். தீர்ந்துபோச்சாம்.”

“அப்ப மண்டையோடு சரி. அதிலே நான் தகராறு பண்ணலே.”

நாளைக்குள் வலது பாதியும் கறுப்பாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி போர்டு ஒன்றும் இனி இந்தக் கடைக்கு வராது என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினான். சரி துரை என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அதற்கு வெட்கப்படவில்லை என்று சொன்னால் பொய்.

மனைவி வெளியே வந்தாள். “சரின்னுட்டியே?”

“வேற என்ன சொல்ல?”

“நாளைக்கு அவ வந்து நிப்பா. நீதான் பதில் சொல்லணும், நான் உள்ளே போயிடுவேன்.”

நான் கறுப்பு குழைக்க உட்கார்ந்தேன். விளக்குக்கரியை அரைத்தேன். எண்ணெய்ப் புட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ஜிரத்தை வெந்நீரில் கரைத்தேன். வீட்டுக்குள் மாட்டுகிற நாடகப் படுதாவுக்குத்தான் அதில் நிறம் குழைப்பார்கள். காய்ந்தால் நன்றாகத்தான் பிடிக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

மனைவி சட்டியை எட்டிப் பார்த்தாள். “ஏய்யா, வாசல்லே தொங்கப்போற பலகைக்கு யாராவது வஜ்ஜிரத்திலே குழைப்பாங்களா?”

“நான் குழைப்பேன்.”

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, “கரி பத்தாது போலிருக்கே,” என்று உள்ளே போய் இன்னும் கொஞ்சம் கரி கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் பலகை முழுக்கக் கறுப்பு. குமாஸ்தா வந்து தடவிப் பார்த்தான், திருப்தி. ஏணி வைத்து நானே வாசலுக்கு மேல் மாட்டினேன். அவள் வந்து பார்த்திருக்கிறாள். கடைக்கு வரவில்லை. என் மனைவியோடும் பேசவில்லை. சந்தைக்கு வேறு வழியாகப் போனாள். இரண்டு மாதம் அப்படி. போய்ச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் எப்படியும் நாலு காதுக்குப் போகும்.

வைகாசியில் மழை பிடித்தது. ரங்கூன் மழை உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லி விளங்காது. கூரைமேல் லாரி லாரியாகக் கல் கொட்டுகிற மாதிரி பெய்யும். முதல் இரண்டு நாள் கறுப்பு தாங்கியது. ஒட்டு நல்ல ஒட்டுதான், தொழிலில் குறை வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

வலது பாதியில் கரி வழிந்து வாசல் தூணெல்லாம் கறுப்புக் கோடு. பலகையில் பால் வெள்ளை. இடது பாதி எண்ணெய்க் கறுப்பு, அசையவில்லை. மேலே மண்டையோடு, நாலு முத்துக் கிரீடம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. புத்தகத்தில் இருந்த படம் அப்படியே.

எதிர்ப்பக்கம் மரத்தடியில் அவளும் மகளும் ஒரே குடையில் நின்றிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணே, கலரு போயிடுச்சே,” என்றாள்.

“மழை தங்கச்சி.”

“மறுபடி பூசச் சொல்லுவாங்களே?”

“விடியும்போதே ஆள் வந்துட்டான். ஏணி வழுக்கும், ஈரப் பலகையிலே கலர் நிக்காது, மழை விட்டதும் வந்து பூசறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“மழை எப்ப விடும்?”

அவளுக்குத் தெரியாதா? அந்த ஊரில் பிறந்தவள்.

“ஐப்பசி ஆகும்,” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவரும் இதையேதான் சொன்னாரு, மழை விடட்டும்னு,” என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, பலகையைக் காட்டினாள்.

“கறுப்பு உங்கப்பா. அந்தப் பக்கம் வெள்ளையா இருக்கு பாரு, அது நான்.”

பெண் அண்ணாந்து பார்த்தாள். “நான் எங்கேம்மா?” என்று கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தில் பிள்ளைக்கு இடம் இல்லை. நான் மூன்று படத்தையும் நன்றாகப் பார்த்திருந்தேன்.